கருவிக்குக் காப்புறுதி உண்டு, படத்துக்கு?

மனிதன் எதனைப் பூட்டி வைக்கிறான் என்பதைப் பார்த்தால், எதனை அவன் அருமையாகக் கருதுகிறான் என்பது விளங்கும். உழவன் விதைநெல்லைத் தனியே எடுத்து வைக்கிறான். கடைக்காரர் கணக்கேட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டுகிறார். இல்லத்தரசி தாலிக்கொடியையும் காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறாள். அப்பெட்டியை முழுவதும் திறந்து பார்ப்போமாயின், அதன் அடியில் துணியிற் சுற்றிய புகைப்படம் ஒன்றும் இருக்கக் காண்போம். பொன்னுக்கும் காணிக்கும் சந்தையில் விலையுண்டு. அந்தப் படத்தை வாங்குவார் எவருமிலர். ஆயினும் அவற்றோடு சமமாக அதுவும் இடம் பெற்றிருக்கிறது.

இந்தப் படத்தையும், படத்தை எடுக்கும் கருவியையும் பற்றியே இன்று சிறிது சிந்திக்க விரும்புகிறோம். கருவி தவறி விழுந்து உடைந்தால் அதற்கு ஈடு பெற வழியுண்டா? அவ்வழியிற் செல்லுமுன் நாம் அறிந்திருக்க வேண்டுவன யாவை? எந்தப் பணத்தாலும் ஈடு செய்ய இயலாதது எது? இவை பட்டணத்துப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்க்கு மட்டும் உரிய வினாக்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. துணுக்காயிலும் மல்லாவியிலும் பாண்டியன்குளத்திலும் வாழும் குடும்பங்களுக்கும் இவை உரியனவே.

காப்புறுதி என்றதும் எம் பகுதி மக்களுக்கு நினைவுக்கு வருவன மூன்று. முதலாவது ஆயுட் காப்புறுதி. 1962ஆம் ஆண்டில் அரசின் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தொழிலைத் தொடங்கியது. 1988 முதல் தனியார் நிறுவனங்களும் மீண்டும் இத்துறையில் இடம் பெற்றன. இரண்டாவது வாகனக் காப்புறுதி. சட்டம் கட்டாயப்படுத்துவதால் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் ஆண்டுதோறும் அதனை எடுத்தே ஆக வேண்டும். மூன்றாவது நெற்பயிர்க் காப்புறுதி. 1958இல் இந்நாட்டிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்று, 1961இற் சட்டவடிவு எய்திய திட்டம் அது. வவுனிக்குளத்து நீரை நம்பி வயல் செய்வோர்க்கு அதன் பெயராவது தெரியும். இம்மூன்றுக்கும் அப்பால், ஒரு பொருளை அது கைதவறி விழுந்து உடைவதற்கு எதிராகக் காப்புறுதி செய்யலாம் என்று சொன்னால், "கமராவுக்குமோ?" என்று வியப்போரே பலர்.

அவ்வியப்புக்குக் காரணம் காப்புறுதியின் இயல்பை நாம் சரிவர உணராமையே. எம்மூர்களிற் சீட்டுப் பிடிக்கும் வழக்கம் உண்டு. இருபது பேர் மாதந்தோறும் பணம் போடுகிறார்கள். மாதத்துக்கு ஒருவராக எடுக்கிறார்கள். முடிவில் ஒவ்வொருவர் பங்கும் அவரவர்க்கு வந்து சேர்கிறது. காப்புறுதியையும் இவ்வாறே எண்ணிக்கொள்வோர், "ஐந்து வருடம் காசு கட்டினோம், ஒரு சதமும் திரும்பவில்லை" என்று குறைப்படுகிறார்கள். சீட்டுப் பணம் எல்லோர்க்கும் திரும்புகிறது. காப்புறுதிப் பணமோ இழந்தவர்க்கு மட்டும் செல்கிறது. பலர் சிறு தொகை கொடுக்க, அவர்களுள் இடருற்ற சிலர் மீண்டும் எழுந்து நிற்கிறார்கள். அந்தச் சிலருள் நாம் இல்லாதிருந்த ஆண்டு, எமக்கு நலமாகக் கழிந்த ஆண்டு. அதனை நட்டக் கணக்கில் எழுதுதல் பொருந்தாது.

இம்முறையை அறிஞர் எவரும் அறையிலிருந்து சிந்தித்துக் கண்டுபிடிக்கவில்லை. மக்கள் பட்ட துன்பமே அதனை ஈன்றது. 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீ 13,000க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. வீடிழந்தோர்க்கு ஈடு கொடுப்பார் அன்று இலர். அதன் பின்னர் 1680களின் தொடக்கத்தில் நிக்கலஸ் பார்பன் என்பவர் வீடுகளைத் தீயிலிருந்து காப்புறுதி செய்யும் அலுவலகத்தை அங்கே நிறுவினார். அதே பத்தாண்டில், எட்வேட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையில் மாலுமிகளும் வணிகரும் கூடிக் கப்பற் செய்திகளைப் பேசலாயினர். அக்கூட்டமே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தையாக வளர்ந்தது. வீட்டுக்கும் கப்பலுக்கும் தோன்றிய முறை, காலப்போக்கில் இயந்திரத்துக்கும் இசைக்கருவிக்கும் புகைப்படக் கருவிக்கும் விரிந்தது.

புகைப்படக் கருவிக்கு எமது நாட்டின் தட்பவெப்பநிலை என்றுமே நண்பனாக இருந்ததில்லை. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெருமாட்டியை மாணவர் சிலர் கேள்வியுற்றிருக்கலாம். மனித முகங்களைப் படம் பிடிப்பதில் உலகப் புகழ் பெற்ற அவர், 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இந்நாட்டிலேயே மறைந்தார். இங்கிலாந்தில் எண்ணிறந்த படங்களை எடுத்த அவர் இங்கு எடுத்தவையோ மிகச் சில. வேண்டிய இரசாயனப் பொருள்களும் தூய நீரும் கிடைத்தல் அரிதாக இருந்தமை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இன்று இரசாயனம் வேண்டியதில்லை, நீரும் வேண்டியதில்லை. ஆனால் வன்னியின் புழுதி அப்படியே இருக்கிறது. கோடையில் ஒரு உழவு இயந்திரம் கடந்து சென்றால் செம்மண் தூள் எழுந்து அடங்க நெடுநேரமாகும். வைகாசி தொடங்கிச் சோழகக் காற்று வெட்டவெளியில் வீசி அடிக்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழைக்காலம்; அலுமாரிக்குள் வைத்த துணியும் ஈரம் காத்து நாறும். அந்த ஈரமே வில்லைக்குள் புகுந்து, சிலந்தி இழைபோற் பூஞ்சணமாகப் படர்கிறது. இத்தனைக்கும் நடுவில், இலட்சக் கணக்கில் விலையுள்ள கருவியைத் தோளிற் சுமந்து மோட்டார் சைக்கிளிற் கலியாணவீட்டுக்கும் சாமத்தியவீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சென்று வரும் இளைஞர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். உழவனுக்கு உழவு இயந்திரம் எப்படியோ, அவர்களுக்குக் கருவி அப்படி. அது நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் கற்ற இளைஞர் ஒருவர் இத்தொழிலைச் செய்து வருகிறார். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தந்தையார் காலபோக நெல்லை விற்றுக் கொடுத்த பணத்தோடு கடனும் பெற்று, 3 இலட்சம் ரூபாவுக்குக் கருவியொன்றை வில்லையுடன் வாங்கினார். வாங்கிய கையோடு அதனை 3 இலட்சம் ரூபாவுக்குக் காப்புறுதி செய்து, ஆண்டுதோறும் தவறாது புதுப்பித்தும் வந்தார். இவ்வயதில் இத்துணை முன்யோசனையா என்று அன்று நாம் மகிழ்ந்ததுண்டு.

2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், மணமக்கள் இருவரை வவுனிக்குளத்து அணைக்கட்டில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கருவி முக்காலியின் மீது நின்றது. மணமகளின் முந்தானையைச் சரிசெய்யச் சொல்லி அவர் இரண்டடி முன்னே செல்ல, சோழகம் ஓங்கி அடித்தது. முக்காலி சரிந்தது. கருவி அணைக்கட்டின் கற்களில் மோதி உருண்டது.

கொழும்பிலுள்ள திருத்துநர் திருத்தச் செலவை 1 இலட்சம் ரூபா என மதிப்பிட்டுக் கொடுத்தனர். கோரிக்கை அனுப்பப்பட்டது. சில வாரங்களின் பின் வந்த காசோலையில் 50,000 ரூபாவே குறிக்கப்பட்டிருந்தது. இளைஞர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். "சேர், முழுக் காசும் வரும் எண்டுதான் சொன்னவை. இப்ப அரைவாசிதான் வந்திருக்கு. இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். அவர் குரலிற் கோபத்தைக் காட்டிலும் கவலையே மிகுந்திருந்தது. கருவிக்கு வாங்கிய கடனில் இன்னும் எட்டு மாதத் தவணை எஞ்சியிருந்தது.

பத்திரம் முழுவதும் ஆங்கிலத்தில், சிறு எழுத்தில், அச்சாகியிருந்தது. இருவரும் ஒவ்வொரு வாசகமாகப் படித்தோம். விடை நாலாம் பக்கத்திற் கிடைத்தது. காப்புறுதி செய்த தொகை, இழப்பு நேரும் நாளில் அதே வகையான புதிய கருவியின் விலையிலும் குறைவாக இருக்குமாயின், அந்த விகிதத்துக்கே ஈடு கொடுக்கப்படும் என்பது அவ்வாசகத்தின் பொருள்.

இந்த இடத்தில் வாசகர்கள் 2022ஆம் ஆண்டை நினைவிற் கொள்ள வேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை, மே மாதத்துக்குள் 360 ரூபா வரை ஏறியது. பின்னர் ஓரளவு இறங்கியபோதும் பழைய நிலைக்கு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்கள் யாவும் விலையேறின. 3 இலட்சத்துக்கு வாங்கிய கருவியை 2023இற் புதிதாக வாங்க 5 இலட்சம் ரூபா வேண்டியிருந்தது. கருவி மாறவில்லை, ரூபாவின் மதிப்பே மாறிற்று. ஐந்திலே மூன்று பங்குக்கு மட்டும் காப்புறுதி இருந்தமையால், 1 இலட்சம் ரூபா இழப்பில் ஐந்திலே மூன்று பங்காகிய 60,000 ரூபாவே உரித்தாயிற்று. ஒவ்வோர் இழப்பிலும் முதல் 10,000 ரூபாவை உடையவரே ஏற்க வேண்டும் என்று வேறொரு வாசகம் கூறிற்று. அதனையும் கழித்தபோது எஞ்சியது 50,000.

கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். இளைஞர் நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கிற் பிழையில்லை. விகித முறையிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 5 இலட்சம் பெறுமதிக்கு முழுக் கட்டணம் செலுத்தியவரும், 3 இலட்சத்துக்கு மட்டும் செலுத்தியவரும் ஒரே ஈட்டைப் பெறுவதாயின், பொது நிதிக்குச் சரியாகப் பங்களித்தவர் அல்லவா ஏமாற்றப்படுவார்? ஆனால் இவ்வாசகத்தைக் கையொப்பம் வாங்கும்போது எவரும் அவருக்குத் தமிழில் விளக்கவில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது, விலை ஏறியிருக்கிறதே என்று எவரும் கேட்கவுமில்லை. முன்னரே அறிந்திருந்தால், சிறிதளவு கூடுதற் கட்டணத்தோடு முடிந்திருக்கும் காரியம் அது.

ஆதலால், கருவியைக் காப்புறுதி செய்ய விரும்புவோர் சில செய்திகளை மனத்திற் பதித்தல் நன்று.

ஒன்று: உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் வேறு, காப்புறுதி வேறு. கருவி செய்யப்பட்டபோதே இருந்த குறைக்கு உத்தரவாதம் பொறுப்பேற்கும். கைதவறி விழுந்ததற்கு அது பொறுப்பாகாது. கடையிற் கொடுத்த உத்தரவாதச் சீட்டைக் காப்புறுதி என்று எண்ணியிருப்போர் பலரை நாம் கண்டிருக்கிறோம்.

இரண்டு: விபத்து என்பது எதிர்பாராது, திடீரென நிகழ்வது. திடீர் மழையிற் கருவி நனைந்து பழுதாவது விபத்தாகலாம். மாதக் கணக்கில் ஈரத்திற் கிடந்து வில்லையிற் பூஞ்சணம் படர்வது விபத்தாகாது; தேய்மானமும், பயன்படுத்தப் பயன்படுத்தப் பகுதிகள் தளர்வதும் அப்படியே. இவற்றுக்குக் காப்புறுதி பொறுப்பேற்பதில்லை. அவற்றுக்கு மருந்து எம் கையிலேயே உண்டு. காற்றுப் புகாத பெட்டியொன்றில் ஈரமுறிஞ்சும் சிலிக்காக் குருணையிட்டு, அதனுள் கருவியை வைத்தாற் போதும். குருணையை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

மூன்று: உண்மையை முழுமையாகக் கூற வேண்டும். காப்புறுதி என்பது மிகுந்த நன்னம்பிக்கையின் மேல் எழும் உடன்படிக்கை. 1766ஆம் ஆண்டில், சுமாத்திராத் தீவிலிருந்த கோட்டையொன்றைப் பற்றிய வழக்கில், இங்கிலாந்தின் நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு இக்கோட்பாட்டை விளக்கினார். இன்றும் காப்புறுதிச் சட்டத்தின் அடித்தளங்களுள் அஃது ஒன்று. கூலிக்குப் படம் எடுப்பவர், வீட்டு உபயோகத்துக்கு என்று எழுதிக் குறைந்த கட்டணத்தில் தப்ப முயல்வாராயின், இழப்பு நேரும் நாளில் அவர் பத்திரம் வெறுந்தாளாகிவிடக்கூடும்.

நான்கு: கவனம் கைவிடப்படக் கூடாது. பூட்டாத வாகனத்திலும், காவலில்லாத மண்டபத்திலும் விட்டுச்சென்ற கருவி களவு போனால் ஈடு மறுக்கப்படுவது பொதுவான வழக்கம். ட்ரோன் போன்ற பறக்கும் கருவிக்கும், வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதற்கும் தனி ஏற்பாடு உண்டா என்பதை முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

ஐந்து: கருவியின் தொடர் இலக்கத்தையும் வாங்கிய பற்றுச்சீட்டையும் வேறோர் இடத்திற் படியெடுத்து வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்குமுன் அன்றைய விலையை விசாரியுங்கள். விளங்காத வாசகத்தைத் தமிழில் விளக்கும்படி கேட்க வெட்கப்பட வேண்டா. கையொப்பம் எம்முடையது, ஆகவே கேட்கும் உரிமையும் எம்முடையதே. முடிவு நியாயமற்றது என்று தோன்றினால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடலாம். அங்கும் தீராவிடில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் செல்லவும் வழியுண்டு.

இவையனைத்தையும் செய்தபின்னும், காப்புறுதி ஏற்க மறுக்கும் பேரிடர் ஒன்று இருக்கிறது. அதனை வன்னி மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லாச் சொத்துக் காப்புறுதிப் பத்திரங்களிலும் போரினால் விளையும் இழப்பு விலக்கப்பட்டிருக்கும். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் விமானங்கள் நகரங்களைக் குண்டுவீசி அழித்ததைக் கண்ட காப்புறுதியாளர்கள், தரையிலுள்ள சொத்துக்களுக்குப் போர்க் காப்புறுதி வழங்குவதில்லை என்று 1937இல் இலண்டனில் உடன்பாடு செய்துகொண்டனர். பல வீடுகளில் ஒரு வீடு எரிந்தால் மற்றவர்கள் தாங்கலாம். எல்லா வீடுகளும் ஒரே நாளில் எரிந்தால் தாங்குவார் யார் என்பதே அவர்கள் வாதம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரசே 1941இற் போர்ச் சேதச் சட்டத்தை இயற்றி அப்பாரத்தை ஏற்க நேர்ந்தது. எமது நாட்டிலும் 1983 கலவரத்தின் பின்னர், கலவரத்தாலும் பயங்கரவாதத்தாலும் நேரும் இழப்புக்கென அரசின் தனி நிதியம் அமைந்தது. ஆனால் அதன் பயனும், கட்டணம் செலுத்திப் பத்திரத்தில் அப்பிரிவைச் சேர்த்துக்கொண்டவர்க்கே உரியது.

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் துணுக்காயை நெருங்கியது. மக்கள் உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் கையில் அகப்பட்டதை ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிச் சென்றனர். அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று ஓரிடத்திலிருந்து ஓரிடம் பெயரும்போதெல்லாம் சுமை குறைந்துகொண்டே வந்தது. முதலில் தளபாடங்கள், பின்னர் பாத்திரங்கள், பின்னர் உடுபுடவைகள். சிலர் பெட்டிகளை மண்ணிற் புதைத்துவிட்டுச் சென்றனர். முள்ளிவாய்க்காலில் 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது பலர் கையில் உயிரன்றி வேறெதுவும் எஞ்சியிருக்கவில்லை. முகாம்களிலிருந்து மீண்டு வந்து மண்ணைத் தோண்டியவர்கள் சிலர் பாத்திரத்தைக் கண்டனர். படங்களைக் கண்டவர் மிகச் சிலர். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன தாள்களை மெல்லப் பிரித்தால், முகங்கள் உரிந்து மறுதாளோடு போய்விட்டிருக்கும்.

வவுனிக்குளத்து விபத்துக்கு மீண்டும் வருவோம். கருவி விழுந்த சிறிது நேரத்தில் மணமகளின் தந்தையார் ஓடி வந்தாராம். கருவிக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. "தம்பி, காலையில எடுத்த படமெல்லாம் இருக்கோ?" என்றே கேட்டாராம். இளைஞர் பதிவட்டையைக் கழற்றி வேறொரு கருவியில் இட்டுக் காட்டினார். தாலி கட்டிய படம், கன்னிகாதானத்துப் படம், எல்லாம் இருந்தன. பெரியவர் அணைக்கட்டிலேயே அமர்ந்துவிட்டார். "எங்கட கலியாணப் படம் ஒண்டும் எங்களிட்ட இல்லை, தம்பி. பிள்ளைக்காவது இருக்கவேணும்" என்றாராம்.

இதனை இளைஞர் எம்மிடம் கூறியபோது, நாம் அதுவரை வாசித்த வாசகங்கள் அனைத்தும் சிறியனவாகத் தோன்றின. பத்திரத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். கருவிக்கு ஈடு, வில்லைக்கு ஈடு, பதிவட்டை தொலைந்தால் வெற்று அட்டையின் விலை. அதிலே பதிந்திருந்த படங்களுக்கு எதுவுமில்லை. இது குறையன்று; காப்புறுதியின் இயல்பே அது. இழந்த பொருளின் விலையைக் கொடுத்து, இழப்புக்கு முன்பிருந்த நிலைக்கு உரியவரைக் கொண்டுவருதலே அதன் நோக்கம். விலை சொல்ல முடியாததற்கு அது எதனைக் கொடுக்கும்? எவ்வளவு கொடுத்தாலும் தாலி கட்டிய கணம் மீண்டும் வருமா?

எளியோர்க்கு மட்டும் உரிய நிலையன்று இது. அமெரிக்க சனாதிபதி கென்னடியையும் அவர் குடும்பத்தையும் அணுக்கமாகப் படம் பிடித்தவர் ஜாக் லோ. அவர் எடுத்த 40,000க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் விலைமதிப்புக்கு அப்பாற்பட்டவையாகக் கருதப்பட்டமையால், அவற்றைக் காப்புறுதி செய்ய இயலவில்லை. ஆகவே நியூயோர்க் உலக வர்த்தக மையத்து வங்கியொன்றின் தீப்புகாப் பெட்டகத்தில் அவை வைக்கப்பட்டன. அதனிலும் பாதுகாப்பான இடம் எது என்று எவரும் எண்ணியிருக்கலாம். 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் லோ காலமானார். அவ்வாண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலில் அந்நெகட்டிவ்கள் அழிந்தன. ஆனால் அவற்றிலிருந்து சிறு அளவிற் பதித்தெடுத்த அச்சுத் தாள்கள் நகரின் வேறோரிடத்தில் இருந்தன. பழைய கீறல்களும் குறிகளும் நிறைந்த அத்தாள்களிலிருந்து பல மாத உழைப்பாற் படங்கள் மீட்டெடுக்கப்பட்டு, 2013இல் வாஷிங்டன் நகரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கோடிக் கணக்கிற் செலவிட்டுக் கட்டிய பெட்டகம் காக்க முடியாததை, வேறோரிடத்திலிருந்த மலிவான தாள்கள் காத்தன.

இதே உண்மையை எம்மூர்க் குடும்பங்களும் தம் அனுபவத்தாற் கண்டிருக்கின்றன. கடிதத்தோடு ஒரு படத்தை மடியாமல் வைத்துக் கனடாவுக்கோ இலண்டனுக்கோ சுவிற்சர்லாந்துக்கோ அனுப்பும் வழக்கம் முன்னர் இருந்தது. "பிள்ளை வளர்ந்திட்டாள், பாருங்கோ" என்று பின்புறத்தில் எழுதி அனுப்பிய படம் அது. அனுப்பியவர் வீட்டிலிருந்த தொகுப்புகள் யாவும் அழிந்தன. கடல் கடந்து சென்ற அந்த ஒரு படமே எஞ்சியது. மீள்குடியேற்றத்தின் பின் அவ்வுறவினர்கள் அதனைப் படியெடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். இன்று துணுக்காயில் விளக்கேற்றி மாலையிட்ட தாத்தாவின் படம் தொங்கும் சில வீடுகளில், அப்படம் அவ்வாறு திரும்பி வந்ததே. அன்று அனுப்பியவர் காப்புறுதி என்று எண்ணி அனுப்பவில்லை, அன்பினால் அனுப்பினார். ஆயினும் எந்த நிறுவனமும் தர முடியாத ஈட்டை அவ்வன்பு தந்தது.

ஆகவே இரு வகைக் காவலும் வேண்டும். கருவிக்குப் பத்திரம் வேண்டும். படத்துக்குப் பிரதி வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. பத்திரம் படப்பிடிப்பாளரின் தொழிலைக் காக்கும்; பிரதி, அவரை நம்பி அழைத்த குடும்பத்தின் நினைவைக் காக்கும். இக்காலத்திற் பிரதி செய்தல் மிக எளிது. எடுத்த படங்களை அன்றிரவே கணினியில் ஒன்றும், தனி வன்தட்டில் ஒன்றுமாகப் பதியலாம். அவ்விரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒரே மழையும் ஒரே தீயும் இரண்டையும் கொண்டுபோய்விடும். மூன்றாவதாக ஒன்றைத் தொலைதூரத்திலுள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ வைக்கலாம். இரண்டு பதிவட்டைகளில் ஒரே நேரத்திற் படம் பதியும் கருவிகளும் இன்று உண்டு. மங்கல நிகழ்வுகளுக்குச் செல்வோர் அத்தகையதைத் தேர்ந்துகொள்ளலாம். மிக அருமையான சில படங்களைத் தாளிலும் அச்சிட்டு வைத்தல் நன்று. தாளைப் பார்க்க மின்சாரம் வேண்டியதில்லை, கடவுச்சொல்லும் வேண்டியதில்லை.

குடும்பத்தினர்க்கும் ஒரு கடமை உண்டு. படப்பிடிப்பாளரிடம் விலை பேசும்போது, எத்தனை பக்கத் தொகுப்பு, எத்தனை படம் என்றுதான் கேட்கிறோம். படங்களை எத்தனை இடங்களில், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்றும் கேளுங்கள். கருவி பழுதானால் மாற்றுக் கருவி கையில் உண்டா என்றும் கேளுங்கள். அவ்வாறு கேட்பவர் பேரம் பேசும்போது, கருவிக்கும் காப்புறுதிக்கும் ஆகும் செலவையும் எண்ணிப் பார்த்தல் முறை. கூலியை அளவுக்கு மீறிக் குறைத்தால், அவர் முதலில் நிறுத்துவது காப்புறுதிக் கட்டணத்தைத்தான்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். உங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களை இந்த விடுமுறையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில் வைத்துக் கைத்தொலைபேசியாற் படியெடுங்கள். படத்திலுள்ளவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று அம்மம்மாவிடமும் அப்பாச்சியிடமும் கேட்டு எழுதி வையுங்கள். பெயரில்லாத முகம் இரண்டு தலைமுறையில் அந்நியமாகிவிடும். எழுதி முடித்ததும், ஒரு பிரதியை வேறோர் ஊரிலுள்ள மாமாவுக்கோ சித்திக்கோ அனுப்பி வையுங்கள்.

அந்த இளைஞர் எஞ்சிய 50,000 ரூபாவைத் தேடிக் கருவியைத் திருத்திக்கொண்டார். கடனும் பின்னர் அடைந்தது. இப்பொழுது ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்குமுன் கொழும்புக் கடைகளில் விலை கேட்கிறார். முக்காலியின் நடுவில் மணற்பை ஒன்றைத் தொங்கவிடுகிறார். படங்களைக் கையளிக்கும்போது ஒன்றுக்கு இரண்டு பிரதிகளைக் கொடுத்து, "ஒண்டை இஞ்ச வையுங்கோ, மற்றதை வெளியூரில ஆரிட்டையும் குடுத்து வையுங்கோ" என்று சொல்லியே கொடுக்கிறார். ஏன் என்று எவரும் அவரைக் கேட்பதில்லை. இந்த மண்ணில் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.